புனித வெள்ளியன்று ஹவானாவில் ஒரு ராக் கச்சேரி!

ஹவானாவுக்கு யாரும் ராக் கேட்கப் போவதில்லை.

கியூபாவின் தலைநகருக்கு விமானம் ஏறுகிறவர்களின் கையில் வேறொரு பட்டியல் இருக்கும். 1950-களின் அமெரிக்கக் காரில் ஊரை ஒரு சுற்று, மலேகான் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சூரிய அஸ்தமனம், பழைய ஹவானாவின் கல் பாவிய தெருக்களில் நடை, உணவகத்துக்கு உணவகம் ஒலிக்கும் 'சோன்' இசை, கொஞ்சம் ரும்பா, கொஞ்சம் சல்சா. இசைக்குப் பஞ்சமே இல்லாத ஊர். எலெக்ட்ரிக் கிடாருக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடம் இருப்பதில்லை.

2016 மார்ச் கடைசி வாரத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்த பயணிகளின் திட்டமும் இதுதான். ஆனால் மார்ச் முதல் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. அந்த மாதம் 25-ம் தேதி, ஹவானாவின் திறந்தவெளி மைதானத்தில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' இசைக்குழு பாடப்போகிறது. டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம்.

உலகின் பெரிய நகரங்களில் இந்தக் குழுவின் கச்சேரியைப் பார்க்க நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டும். அதுவும் கிடைத்தால்தான். அன்றைய கியூபாவிலோ அரசு ஊழியரின் மாதச் சம்பளமே 25 டாலர் அளவில்தான் இருந்தது. அந்த ஊரில் இலவசக் கச்சேரி என்றதும் பல பயணிகள், 'சரி, நேரம் இருந்தால் எட்டிப் பார்ப்போம்' என்ற அளவில்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எட்டிப் பார்க்கப் போனவர்கள் பார்த்தது வேறு.

ஊரே நடந்த திசை

கச்சேரி நடந்த இடத்தின் பெயர் 'சியுடாட் டெபோர்டிவா'. 'விளையாட்டு நகரம்' என்று பொருள். ஹவானாவின் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் போயெரோஸ் சாலை, வியா பிளாங்கா என்ற இன்னொரு பெரிய சாலையைச் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. எதிரே ரவுண்டானாவில் பெரிய நீரூற்று ஒன்று. ஒரு முன்னாள் அதிபர் குடும்பத்துப் பெண்மணியின் பெயரைச் சேர்த்து, 'பவுலினாவின் கழுவுதொட்டி' என்று உள்ளூர்க்காரர்கள் அதைக் கிண்டலாகச் சொல்வார்கள். சுற்றுலாப் பயணிகள் சாதாரணமாக டாக்சி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப்போகும் பகுதி இது.

அன்றைக்கு அந்தச் சாலைகள் மனிதர்களால் நிரம்பின. கியூபாவில் பேருந்துக்கு 'குவாகுவா' என்று பெயர். பழைய அமெரிக்கக் கார்களை ஷேர் டாக்சியாக ஓட்டுவார்கள். அவற்றுக்கு 'அல்மென்ட்ரோன்' என்று செல்லப்பெயர். பெரிய பாதாம் பருப்பு என்று அர்த்தம். குவாகுவாவிலும் அல்மென்ட்ரோனிலும் தொற்றிக்கொண்டு வந்தவர்கள் போக, மற்றவர்கள் நடந்தே வந்தார்கள். மைதானத்தில் இடம் இல்லாதவர்கள் சுற்றியிருந்த வீடுகளின் மொட்டைமாடிகளில் ஏறினார்கள். மரக்கிளைகளிலும் ஆட்கள்.

எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒரே கணக்கு இல்லை. டிக்கெட்டே இல்லாத கச்சேரியில் தலையை எண்ணுவது யார்? சில லட்சம் என்பதில் தொடங்கி, 10 லட்சத்தைத் தாண்டியது என்பதுவரை சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், சுமார் 20 லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு அது பெரிய கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் கவனிக்கவேண்டிய விஷயம் வயது. ராக் கச்சேரி என்றால் இளைஞர் பட்டாளம்தான் நினைவுக்கு வரும். இங்கே அறுபதைத் தாண்டியவர்கள் திரளாக வந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. சிவப்பு நாக்கு நீட்டிய அந்தக் குழுவின் சின்னம் பொறித்த டி-ஷர்ட் பலரிடம் இருந்தது. நரைத்த முடியை நீளமாக வளர்த்துக் கட்டியிருந்தவர்களும் இருந்தார்கள்.

அந்த நீள முடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

உறை மாற்றி ஒளித்த ரெக்கார்டுகள்

ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சிப்படை 1959 ஜனவரியில் ஹவானாவைப் பிடித்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1962-ல் லண்டனில் தொடங்கியது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வளர்ந்தன. ஆனால் ஒன்றை ஒன்று சந்திக்கவே இல்லை.

அமெரிக்காவுடன் பகை முற்றியபோது, ஆங்கிலத்தில் பாடப்படும் பாட்டும் எதிரியின் பண்டமாகத் தெரிந்தது. 1963 மார்ச் 13 அன்று ஹவானா பல்கலைக்கழகப் படிக்கட்டில் பேசிய காஸ்ட்ரோ, இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு, கிடாரைத் தூக்கிக்கொண்டு, எல்விஸ் பிரெஸ்லி மாதிரி திரியும் இளைஞர்களைச் சாடினார். பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் வானொலியிலிருந்து காணாமல் போயின. 1965-க்குப் பிறகு சில ஆண்டுகள் இயங்கிய கட்டாய உழைப்பு முகாம்களுக்கு, மத நம்பிக்கை உள்ளவர்களோடும் ஓரினச் சேர்க்கையாளர்களோடும் சேர்த்து, முடி வளர்த்த இளைஞர்களும் அனுப்பப்பட்டார்கள். கியூபாவின் புகழ்பெற்ற பாடகர் சில்வியோ ரோட்ரிகஸ், 1960-களின் கடைசியில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். பீட்டில்ஸ் தன்னைப் பாதித்தவர்கள் என்று சொன்ன பிறகு அந்த வேலை அவருக்கு இல்லாமல் போனது.

பாட்டை நிறுத்த முடிந்ததா? முடியவில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடா முனை, ஹவானாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம்தான். இரவில் காற்று நன்றாக இருந்தால் மயாமி வானொலி நிலையங்கள் கேட்கும். இன்னும் வடக்கே, ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் ஊரிலிருந்து ஒலிபரப்பான ஒரு நிலையமும் கியூபாவில் எடுக்கும். அன்றைய பிள்ளைகள் சத்தத்தைக் குறைத்து வைத்து, காதை ரேடியோவோடு ஒட்டிக் கேட்டார்கள். வெளிநாடு போய்வந்த மாலுமியோ உறவினரோ கொண்டுவந்த ரெக்கார்டு கைமாறிக் கைமாறிச் சுற்றியது. வெளியே எடுத்துப் போகும்போது உள்ளூர் வாத்தியக் குழுவின் உறைக்குள் போட்டு எடுத்துப் போவார்களாம். யாராவது கேட்டால், 'சா-சா-சா ரெக்கார்டு' என்று சொல்லிவிடலாமே!

அப்படிக் கேட்ட பிள்ளைகள்தான் 2016-ல் அறுபது, அறுபத்தைந்து வயதில் மைதானத்தில் நின்றார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் லெனன்

காலம் மெல்ல மாறியது. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், ஹவானாவின் வெடாடோ பகுதியில் ஒரு பூங்காவுக்குப் போக வேண்டும். 17-ம் தெருவும் 6-ம் தெருவும் சந்திக்கும் இடம். அங்கே ஒரு பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார் ஜான் லெனன். வெண்கலச் சிலை. செய்தவர், கியூபச் சிற்பி ஹோசே வில்யா சோபெரோன்.

லெனன் சுட்டுக் கொல்லப்பட்ட 20-வது ஆண்டு நினைவு நாளான 2000 டிசம்பர் 8 அன்று இந்தச் சிலையைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? அதே ஃபிடல் காஸ்ட்ரோ! பக்கத்தில் நின்றவர்களில் சில்வியோ ரோட்ரிகஸும் ஒருவர்.

சிலையின் மூக்குக்கண்ணாடி அடிக்கடி திருடுபோகும். ஆகவே, அதற்கென்றே ஒரு காவலர் இருந்தார். கண்ணாடியைத் தன் பையில் வைத்திருப்பார். பயணிகள் படம் எடுக்க வந்தால் லெனனுக்கு மாட்டிவிடுவார். எடுத்து முடித்ததும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஹவானா போய்வந்த பலருடைய ஆல்பத்தில் அந்தக் கண்ணாடி போட்ட லெனன் இருப்பார்.

இந்த இடைக்காலத்தில் ராக் கச்சேரிகள் நடக்காமல் இல்லை. 1979 மார்ச்சில் ஹவானாவின் கார்ல் மார்க்ஸ் அரங்கில் பில்லி ஜோயல் உள்ளிட்ட அமெரிக்கக் கலைஞர்கள் மூன்று நாள் வாசித்தார்கள். 2001-ல் அதே அரங்கில் வேல்ஸ் நாட்டின் 'மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ்' பாடியபோது காஸ்ட்ரோவே வந்து உட்கார்ந்தார். 2005 மே மாதம் 'ஆடியோஸ்லேவ்' குழு மலேகான் ஓரம் திறந்தவெளியில் இலவசமாகப் பாடியது. ஆனாலும், 1960-களில் ஒளிந்து கேட்டவர்கள் காத்திருந்தது ஸ்டோன்ஸுக்காக.

மூன்று நாள் முன்பு ஒபாமா

கச்சேரி நடந்த வாரம் கியூபாவுக்கே அதிசயமான வாரம். மார்ச் 20 முதல் 22 வரை அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா ஹவானாவில் இருந்தார். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் கியூபாவில் கால் வைத்தது 1928-க்குப் பிறகு அதுவே முதல்முறை. அவர் போன மூன்றாவது நாள் மிக் ஜாகர் மேடை ஏறினார்.

ஸ்டோன்ஸ் குழு அப்போது லத்தீன் அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் சிலியில் ஆரம்பித்து, மார்ச் நடுவில் மெக்சிகோவில் முடித்தது. அங்கிருந்து ஹவானா. மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, ராட்சதத் திரை எதுவும் அந்த அளவில் கியூபாவில் கிடையாது. எல்லாமே 60-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களில் கப்பல் ஏறி வந்தன. மிச்சத்துக்கு ஒரு போயிங் 747 சரக்கு விமானம்.

செலவை ஏற்க முன்வந்தது, கரீபியன் கடலில் இருக்கும் குராசோ என்ற சின்னத் தீவின் அறக்கட்டளை ஒன்று. இசைக்கருவி நிறுவனங்கள் கியூபக் கலைஞர்களுக்குக் கிடார், டிரம்ஸ் போன்றவற்றை நன்கொடையாகக் கொடுத்தன. கிடார் கம்பி அறுந்தால் புதிய கம்பி கிடைப்பதே சிரமமான ஊரில், அது சாதாரண உதவி இல்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மார்ச் 25 புனித வெள்ளி. புரட்சிக்குப் பிறகு கியூபாவில் புனித வெள்ளிக்கு விடுமுறை கிடையாது. 2012-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் வந்துபோன பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, அதே நாளில் ராக் கச்சேரி. பக்தர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஒரு காலத்தில் கோயிலுக்குப் போனவரையும் ராக் கேட்டவரையும் ஒரே முகாமுக்கு அனுப்பிய நாட்டில், இருவருக்கும் ஒரே நாள் கிடைத்தது வேடிக்கைதான்.

இரவு எட்டரை மணி

மேடை விளக்குகள் எரிந்தன. 'ஜம்ப்பின் ஜாக் ஃப்ளாஷ்' பாட்டின் கிடார் ஒலி கிளம்பியது. மிக் ஜாகர் ஓடிவந்தார்.

அன்று ஜாகருக்கு வயது 72. கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸுக்கும் 72. டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 74. நால்வரில் இளையவரான ரோனி வுட்டுக்கு 68. நான்கு பேர் வயதையும் கூட்டினால் 286! ஜாகரோ மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே இருந்தார். 'வயதானவர்கள், பேருக்கு நாலு பாட்டு பாடிவிட்டுப் போவார்கள்' என்று நினைத்து வந்தவர்களுக்கு அதுதான் முதல் ஆச்சரியம்.

பாட்டுக்கு இடையே ஸ்பானிஷ் மொழியில் பேசினார் ஜாகர். ஒரு காலத்தில் எங்கள் பாட்டை இங்கே கேட்பதே கஷ்டமாக இருந்தது, இதோ உங்கள் முன்னால் வந்து நிற்கிறோம், காலம் மாறுகிறது என்ற பொருளில் அவர் சொன்னபோது எழுந்த ஆரவாரம், பாட்டுக்குக் கிடைத்ததைவிடப் பெரிது. முன்வரிசைப் பெரியவர்கள் பலர் அழுதுவிட்டார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் தெரிந்திருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைய கியூப இளைஞர்கள் கேட்டது ரெகேடோன் இசை. இணையம் என்றால் அரசு நிறுவனம் பூங்காக்களில் வைத்த வைஃபை மட்டும்; ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டாலர். பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கும் வசதி இல்லை. ஆகவே, பல பாட்டுகளுக்குக் கூட்டம் வரிகளைப் பாடவில்லை. தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆடியது. தாளம் கியூபர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமா என்ன?

அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளின் காதில், இந்தப் பாட்டை எங்கே கேட்டேன், எப்படி ஒளித்து வைத்தேன் என்று கத்திச் சொல்லிக்கொண்டிருக்க, மேடையில் ஒவ்வொரு பாட்டாக ஏறியது. 'ஏஞ்சி' வந்தபோது மைதானம் கொஞ்சம் அடங்கியது. 'பெயிண்ட் இட் பிளாக்' வந்தபோது மறுபடி கொதித்தது. கீத் ரிச்சர்ட்ஸ் தன் பங்குக்கு இரண்டு பாட்டுகள் பாடினார்.

கடைசிக்கு முந்தைய பாட்டுக்கு, ஹவானாவின் 'என்ட்ரேவோசஸ்' பாடகர் குழு மேடை ஏறியது. கியூபக் குரல்கள் ஆங்கிலப் பாட்டை எடுத்துப் பாட, அதற்குப் பின்னால் ஸ்டோன்ஸின் வாத்தியங்கள். இசை தெரிந்தவர்களுக்கு அந்த இரவின் உச்சம் அதுதான். பிறகு 'சாடிஸ்ஃபேக்ஷன்'. 1965-ல் உலகமே கேட்டபோது ஹவானா ஒளிந்து கேட்ட பாட்டு. மொத்தம் 18 பாட்டுகள், இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

முடிந்த பிறகு பேருந்துகளில் இடம் இல்லை. போயெரோஸ் சாலையில் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். டாக்சி கிடைக்காத வெளிநாட்டுப் பயணிகளும் அவர்களோடு நடந்தார்கள்.

விடிந்த பிறகு

ஒரு கச்சேரி ஒரு நாட்டை மாற்றிவிடுமா? அன்று இரவு நடந்தவர்களில் பலர் மாற்றிவிடும் என்றே நம்பினார்கள். அமெரிக்கத் தூதரகம் முந்தைய ஆண்டுதான் திறந்திருந்தது. வீடுகளில் அறை வாடகைக்கு விடுவதும் சின்ன உணவகம் நடத்துவதும் நல்ல வருமானம் தந்தன. அடுத்தடுத்து யார் யார் வருவார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படி நடக்கவில்லை. ஒபாமாவுக்கு அடுத்து வந்த அமெரிக்க அரசு கதவைத் திரும்பவும் இறுக்கியது. கொரோனா காலத்தில் சுற்றுலா படுத்தது. விலைவாசி ஏறியது, மருந்துக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு வந்தது. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. கடந்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான கியூபர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். போனவர்களில் பெரும்பங்கு இளைஞர்கள். அன்று தாத்தாவின் தோளில் உட்கார்ந்து ஸ்டோன்ஸ் பார்த்த பிள்ளைகளில் சிலரும் இப்போது வேறு நாட்டில் இருக்கலாம்.

ஃபிடல் காஸ்ட்ரோ அதே 2016 நவம்பர் 25 அன்று, கச்சேரி முடிந்து சரியாக எட்டாவது மாதம் காலமானார். சார்லி வாட்ஸ் 2021 ஆகஸ்ட்டில் மறைந்தார். அந்த இரவை 'ஹவானா மூன்' என்ற பெயரில் முழுநீளப் படமாக எடுத்திருக்கிறார்கள். அதில் மேடையைவிடக் கூட்டத்தின் முகங்களைப் பாருங்கள். ஐம்பது ஆண்டு காத்திருந்தது கிடைத்தால் ஒரு மனிதர் எப்படி இருப்பார் என்று தெரியும்.

நீங்கள் போனால்…

இந்தியாவிலிருந்து ஹவானாவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாறித்தான் போக வேண்டியிருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும் குறைவு. தங்குவதற்கு 'காசா பர்ட்டிகுலார்' எனப்படும் வீட்டு அறைகள் நல்லது. செலவும் குறைவு, அந்தக் குடும்பத்துக்கும் நேராக வருமானம் போய்ச் சேரும். மின்வெட்டு இருக்கும் என்பதால் டார்ச், பவர் பேங்க், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

லெனன் பூங்காவுக்குப் பக்கத்திலேயே 'சப்மரினோ அமரில்யோ' என்ற இசை விடுதி இருக்கிறது. 'மஞ்சள் நீர்மூழ்கி' என்று அர்த்தம். பீட்டில்ஸ் ரசிகர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர்க் குழுக்கள் அங்கே பழைய ராக் பாட்டுகளை வாசிப்பது வழக்கம். 'மாக்ஸிம் ராக்' என்ற அரங்கில் புதிய தலைமுறையின் ஹெவி மெட்டல். அன்றைக்குக் கச்சேரி உண்டா, கரன்ட் உண்டா என்று தங்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அந்த வீட்டில் அறுபது, எழுபது வயதுக்காரர் யாராவது இருந்தால், 2016-ல் ஸ்டோன்ஸ் கச்சேரிக்குப் போனீர்களா என்றும் கேளுங்கள். அரைகுறை ஸ்பானிஷ் போதும். அதற்கு அப்புறம் அன்றைய மாலைக்கு வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ள வேண்டாம். பதில் நீளமாக இருக்கும்.